பிளாஸ்டிக் விமானம் செய்வது வீண் வேலையா?

டோம்பிவிலியில் குடியிருந்துகொண்டு ஃபோர்ட் பக்கம் வேலைக்குப் போகிறவருக்கு ஒரு நாளில் தமக்கென்று மிஞ்சுகிற நேரம் எவ்வளவு இருக்கும்?

காலையில் தண்ணீர் வருகிற நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டும். டப்பாவைக் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓட வேண்டும். ஃபாஸ்ட் வண்டியில் ஏற ஒரு பலம் வேண்டும். தாதரில் இறங்க இரண்டு பலம் வேண்டும். இரவு வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பாடு, கொஞ்சம் டெலிவிஷன், தூக்கம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. அதையும் மளிகை, கல்யாணம், சீமந்தம், சங்கக் கூட்டம் என்று மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட வாழ்க்கையில் ஒருவர், மனைவி மக்கள் தூங்கிய பிறகு, சன்னல் ஓரமாக ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு, அரிசியைவிடச் சிறிய பிளாஸ்டிக் துண்டுகளை இடுக்கியால் எடுத்து ஒட்டி, 1940-ஆம் ஆண்டுப் போர் விமானம் ஒன்றைச் சிறு உருவில் செய்துகொண்டிருக்கிறார் என்று வையுங்கள். நம்மவர்கள் என்ன சொல்வார்கள்?

"வயதுக்கு ஏற்ற வேலையா இது?" என்பார்கள். "அந்தக் காசைச் சீட்டில் போட்டிருந்தால் இந்நேரம் ஒரு பவுன் சேர்ந்திருக்குமே" என்று கணக்குப் போடுவார்கள். கொஞ்சம் படித்தவர்கள், "யுத்தத்தைக் கொண்டாடலாமா?" என்று கேட்பார்கள். முதல் இரண்டும் எரிச்சலில் பிறந்த பேச்சு. மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்கிறேன். ஆனால் இது வீண் வேலை அல்ல என்பது என் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எப்படிச் செய்கிறார்கள்?

தெரியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அட்டைப் பெட்டியைத் திறந்தால் விமானம் இருக்காது. சன்னல் கம்பி போன்ற பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அந்தச் சட்டத்தில் இறக்கை, வால், சக்கரம், விமானியின் நாற்காலி, துப்பாக்கிக் குழாய் எல்லாம் காய் காய்த்தது போலத் தொங்கும். ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து, படத்தைப் பார்த்துப் பொருத்த வேண்டும். இதற்குரிய பசை நம் கோந்து போன்றது அல்ல. அது பிளாஸ்டிக்கின் மேல்பரப்பைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். வெல்டிங் வேலை தெரிந்த வாசகர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பிறகு இணைப்புக் கோடு தெரியாமல் புட்டி வைத்துத் தேய்ப்பது, வர்ணம் அடிப்பது, படையின் எழுத்தும் எண்ணும் அச்சிட்ட மெல்லிய படலத்தைத் தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டுவது.

இதில் அதிகம் வழங்குவது எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்ற அளவு. ஏன் எழுபத்திரண்டு? ஆறடி என்பது எழுபத்திரண்டு அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் இந்தக் கணக்கில் ஓர் அங்குலம். இறக்கையின் ஒரு நுனி முதல் மறு நுனி வரை சுமார் 37 அடி இருந்த ஸ்பிட்ஃபயர் விமானம் 6 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். நம் விமானப் படையில் இருந்த நாட் விமானம் அரைச் சாண்கூட வராது.

ஒரே அளவுக்கு எல்லாவற்றையும் சுருக்குவதால்தான் இது பொம்மை வேலையிலிருந்து வேறுபடுகிறது. பொம்மைக்கு இறக்கை இருந்தால் போதும். இங்கே இறக்கை எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பதுவரை சரியாக இருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் இது விளையாட்டாக இருக்கவே இல்லை. வானத்தில் வருவது நம் விமானமா, எதிரி விமானமா என்று சிப்பாய்கள் உருவத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்காக 1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் செய்து தரும்படி கேட்டது. இதே எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில்தான். மாணவன் ஒரு நூல் பிசகிச் செய்தால், பீரங்கிக்காரன் தன் பக்கத்து விமானத்தையே சுட்டுவிடக் கூடும்.

பிளாஸ்டிக்கில் செய்வதும் இங்கிலாந்தில் 1936-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் உலகெங்கும் இதைப் பரப்பிய கம்பெனி ஏர்ஃபிக்ஸ். அதைத் தொடங்கியவர் நிக்கோலஸ் கோவ் என்பவர். ஹங்கேரி நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர். நம்மைப் போல வந்தேறி என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1939-ல் லண்டனில் காற்றடைத்த ரப்பர் பொம்மை செய்து பார்த்தார். யுத்தம் முடிந்ததும் மோல்டிங் மெஷின் வாங்கித் தலைசீவுகிற சீப்பு செய்தார். சீப்பு வார்த்த கைதான் 1953-ல் ஸ்பிட்ஃபயர் வார்த்தது. ஜப்பானில் டாமியா கம்பெனி மரக்கடையாகத் தொடங்கியது. பிளாஸ்டிக் வந்து மர பொம்மையைத் தள்ளியபோது, அதுவும் 1960-ல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. இன்று உலகத்தில் அந்தப் பெயரைத் தெரியாத மாடல்காரர் கிடையாது.

நம் ஊர்ப் பெயர் தாங்கிய விமானம்

"இங்கிலீஷ்காரன் சண்டை, ஜப்பான்காரன் சண்டை, தமிழனுக்கு இதில் என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி.

டிஃபையன்ட் என்று ஒரு பிரிட்டிஷ் விமானம் இருந்தது. விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டு ஒன்று. அதில் ஒரு சிப்பாய், நான்கு துப்பாக்கிகள். முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. ஜெர்மானியர்கள் இதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். 1940 ஜூலை 19-ஆம் தேதி ஒன்பது டிஃபையன்ட் விமானங்கள் பறந்தன, ஆறு வீழ்ந்தன. அதன் பிறகு இவற்றை இரவுக் காவலுக்கு மாற்றினார்கள். கறுப்பு வர்ணம் பூசி, லண்டன் மேல் குண்டு போட வருகிறவர்களை இருட்டில் தேடிப் பிடிக்கிற வேலை.

அப்படி இரவில் பறந்த விமானங்களில் ஒன்றின் பெயர் ‘கோயம்புத்தூர் - 2'. ஆம், நம் கோவைதான். ஆங்கில எழுத்தில் விமானத்தின் மேலேயே எழுதியிருந்தார்கள். அது இருந்த படைப்பிரிவின் பெயர் 264-ஆவது (மெட்ராஸ் பிரசிடென்சி) பிரிவு. இது ஒன்று மட்டும் அல்ல. 79, 234 ஆகிய பிரிவுகளுக்கும் மெட்ராஸ் பிரசிடென்சி என்றே பெயர். நம் மாகாணத்தில் திரட்டிய யுத்த நிதிக்கு நன்றியாக வைத்த பெயர்கள் இவை.

அந்த நிதியைக் கொடுத்தவர்கள் யார்? ராஜாஜி மந்திரிசபை 1939-ல் ராஜினாமா செய்துவிட்டது. நம்மைக் கேளாமலேயே நம்மை யுத்தத்தில் இழுத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். பிறகு நடந்தது கவர்னர் ஆட்சி. மனமுவந்து கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள்; அதிகாரி வந்து நின்றதால் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். பணத்தைக் கொடுத்த கொங்கு நாட்டு மிராசுதாரரும் மில் முதலாளியும் அந்த விமானத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்று டிஃபையன்ட் மாடல் பெட்டி வாங்கி இந்த விமானத்தைச் செய்ய முற்படுகிறவர், உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், ‘கோயம்புத்தூர்' என்ற எழுத்துள்ள படலத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கறுப்பு இறகுக்காரன் மேல் ஒட்டுகிறார். அவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். நமக்குத் தெரியும். நாம்தான் ஒட்டுவதில்லை.

யுத்தம் நம் ஊருக்கு வரவில்லை என்று நினைப்பதும் சரியல்ல. சோழவரத்தில் பின்னாளில் மோட்டார் பந்தயம் நடந்த இடம் யுத்தகால விமான ஓடுதளம். உளுந்தூர்பேட்டையில் ஒன்று. சூலூரில் ஒன்று, அது இன்று விமானப் படைத் தளம். நெல்லைச் சீமை வாசகர்களுக்குச் சொல்கிறேன்: கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில்கூட அந்தக் காலத்து ஓடுதளம் உண்டு. ஊருக்குப் போகும்போது எத்தனை தடவை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறோம்!

பம்பாய்க்கும் பங்கு உண்டு. 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிக்கின் என்ற கப்பல் வெடித்து மஸ்ஜித் பந்தர் வட்டாரமே அதிர்ந்தது. தீயை அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் மாண்டார்கள். அவர்கள் நினைவாகவே நாடு முழுவதும் ஏப்ரல் 14 தீயணைப்புத் தினம். அந்தக் கப்பல் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டபோது அதில் 1,395 டன் வெடிபொருளோடு ஸ்பிட்ஃபயர் விமானங்களும் பெட்டி பெட்டியாக ஏற்றப்பட்டிருந்தன. ஸ்பிட்ஃபயர் மாடல் செய்கிற பையனுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்கைக் காட்டச் சொல்லி அடம் பிடிப்பான்.

யுத்தத்தைக் கொண்டாடலாமா?

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. கேட்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கொலைக் கருவியை அழகாகச் செய்து கண்ணாடி அலமாரியில் வைப்பதில் ஏதோ இடறத்தான் செய்கிறது.

1941 டிசம்பர் 11-ஆம் தேதி பினாங்கு நகரத்தில் ஜப்பான் விமானங்கள் வந்தபோது, ஜனங்கள் பதுங்கு குழிக்கு ஓடவில்லை. விமானம் பார்க்க வீதிக்கு வந்து நின்றார்கள். அதுவரை அவர்கள் குண்டு வீச்சைக் கண்டதில்லை. அண்ணாந்து பார்த்து நின்ற கூட்டத்தின் மேல்தான் குண்டு விழுந்தது. டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூன். அங்கேயும் இதே கதை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இந்தியக் கூலிகள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். மிஞ்சியவர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். "எங்கள் தாத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்" என்று சொல்கிற குடும்பங்கள் தாராவியிலும் செம்பூரிலும் இன்றைக்கும் இருக்கின்றன.

அந்த ரங்கூன் மேல் பறந்த குண்டு விமானங்களும் இன்று மாடல் பெட்டிகளில் கிடைக்கின்றன. பெட்டியின் மேல் அழகான படம் இருக்கும். சூரியன் மறைகிற வானம், பளபளக்கிற இறக்கை. கீழே யார் நின்றார்கள் என்பது மட்டும் படத்தில் இருக்காது.

இதனால் செய்யவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். செய்கிறவன் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பேன். மாடலுக்குக் கீழே ஒரு சிறு அட்டையில் விமானத்தின் வேகத்தையும் குதிரைச் சக்தியையும் எழுதுகிறார்கள். அது எந்த ஊர் மேல் குண்டு போட்டது, அன்று என்ன தேதி என்பதையும் எழுதட்டும். இன்றைய பிள்ளைகள் செல்போனில் நாள் முழுவதும் விமானச் சண்டை ஆடுகிறார்கள். நிமிஷத்துக்குப் பத்து விமானம் சுடுகிறார்கள். அதைப் பார்த்துக் கவலைப்படாதவர்கள், ஒரே விமானத்தோடு இரண்டு மாதம் போராடி, அதன் வரலாற்றையும் தேடிப் படிக்கிற ஒருவனைப் பார்த்து ஏன் கவலைப்பட வேண்டும்?

விக்ராந்த் என்ன ஆயிற்று?

பழைய விக்ராந்த் கப்பலை நம்மில் எத்தனையோ பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறோம். 1961-ல் கடற்படையில் சேர்ந்த கப்பல். 1971 டிசம்பரில் அதன் தளத்திலிருந்து சீ ஹாக் விமானங்கள் பறந்து காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. 1997-ல் ஓய்வு பெற்றது. மும்பையில் அருங்காட்சியகமாக நின்றது. 2012-ல் அதுவும் மூடப்பட்டது. 2014-ல் இதே மும்பையில் உடைத்து இரும்பாக விற்றார்கள். அந்த இரும்பில் கொஞ்சம் மோட்டார் சைக்கிளாகக்கூட மாறிற்று. அதே பெயரில் 2022-ல் கொச்சியில் புதிய கப்பல் வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் பழைய கப்பலின் தளத்தில் ஒரு சீ ஹாக் எப்படி இறக்கையை மடித்துக்கொண்டு நின்றது என்பதை இனிமேல் ஒரு பையனுக்கு எதைக் காட்டிச் சொல்வது? போட்டோ ஒரு பக்கத்தைத்தான் காட்டும். கையில் வைத்துத் திருப்பிப் பார்க்க ஒரு மாடல் வேண்டும்.

நாட் விமானத்தின் கதையும் அப்படித்தான். 1971 டிசம்பர் 14-ஆம் தேதி ஸ்ரீநகர் விமானத் தளத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டு விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்தே நாட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய்ப் போரிட்டு உயிர் விட்டவர் நிர்மல் ஜித் சிங் சேகோன். விமானப் படையில் பரம் வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பழைய ஏர்ஃபிக்ஸ் நாட் பெட்டி என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது பிரிட்டிஷ் சாகசக் குழுவின் சிவப்பு விமானம். அது இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானம். சேகோன் ஓட்டியது ஒருவர் மட்டும் உட்காரும் போர் விமானம். மூக்கும் இறக்கையும் வேறு. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண் ஒரு பையனுக்கு வந்துவிட்டால், நாளைக்கு டிராயிங் ஆபீசிலோ, டூல் ரூமிலோ, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படத்தின் முன்னாலோ அவன் நிற்கும்போது அது அவனுக்குக் கைகொடுக்கும்.

அப்துல் கலாம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தபோது, அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள் தம்மை ஈர்த்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவர் அவற்றின் அருகில் உட்கார்ந்திருப்பாராம். ராமேசுவரத்துப் படகுக்காரர் மகனுக்கு, பறக்காத விமானம் இரண்டு அந்த வேலையைச் செய்தது.

மருத் ஏன் பெட்டியில் இல்லை?

எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் இதுதான்.

கர்ட் டாங்க் என்று ஒரு ஜெர்மன் நிபுணர். யுத்தத்தில் ஃபோக்கே-வுல்ஃப் 190 என்ற போர் விமானத்தை வடிவமைத்தவர். அந்த விமானத்தை மாடலாகச் செய்யாத கம்பெனி இல்லை. இவர் பின்னர் இந்தியாவுக்கு வந்து, பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸில் நம் பொறியாளர்களோடு சேர்ந்து மருத் என்ற ஜெட் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17-ஆம் தேதி அது முதலில் பறந்தது. 147 விமானங்கள் செய்தோம். 1971 யுத்தத்தில் அவை சண்டை போட்டன. ஒரே மனிதர் வரைந்த இரண்டு விமானங்கள். ஜெர்மன் விமானம் ஐம்பது விதப் பெட்டியில் கிடைக்கிறது. இந்திய விமானத்தைப் பெரிய கம்பெனிகளின் பெட்டி ஒன்றில்கூட நான் பார்த்ததில்லை.

வெளிநாட்டுக் கம்பெனி ஏன் செய்யவில்லை என்று கேட்பதில் நியாயமில்லை. அவன் வியாபாரம் அவனுக்கு. நாம் ஏன் செய்யவில்லை?

மெஷின் இல்லையா? டோம்பிவிலி எம்.ஐ.டி.சி.யில் பிளாஸ்டிக் பட்டறை இருக்கிறது. பிவண்டியிலும் வசையிலும் இருக்கிறது. தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கிற நம் ஆட்கள், ஒரு துண்டை ஒடித்து அந்தச் சத்தத்தைக் கேட்டும், கொளுத்தி மணத்தைப் பார்த்தும் இது இன்ன ரகம் என்று சொல்லிவிடுகிறார்கள். மாடல் செய்கிற பாலிஸ்டைரீன் ‘டக்' என்று ஒடியும். அவர்களுக்கு அது பாலபாடம்.

தொழில் தெரியாதா? அதுவும் இல்லை. ஏர்ஃபிக்ஸ் கம்பெனி பலமுறை கைமாறி, 2006-ல் ஹார்ன்பி என்ற பிரிட்டிஷ் கம்பெனியிடம் வந்தது. அதன் பிறகு, 2010-களில் வந்த எத்தனையோ ஏர்ஃபிக்ஸ் பெட்டிகளில் ‘இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று அச்சாகியிருக்கிறது. லண்டன் பையன் ஒட்டுகிற ஸ்பிட்ஃபயரை வார்த்தது நம் நாட்டுத் தொழிலாளியின் கை! டிசைன் அங்கே, டை அவர்களுடையது, வார்ப்பது இங்கே. பெட்டி கப்பலேறிப் போய்விடுகிறது.

நம் தொழிலாளிக்கு விமானம் புதிதும் அல்ல. யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ்காரர்களும் அமெரிக்கர்களும் கான்பூரில் லிபரேட்டர் குண்டு விமானங்களை உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இனி பறக்காது என்று நினைத்துத்தான் போட்டார்கள். 1948 வாக்கில் பெங்களூர்த் தொழிலாளர்கள் அவற்றில் சுமார் 40 விமானங்களைப் பறக்க வைத்தார்கள். 1968 வரை அவை நம் விமானப் படையில் இருந்தன. அவற்றில் ஒன்றை 1974-ல் பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தோம். உடைத்துப் போட்டவர்கள் வாங்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

டை செய்ய முதல் அதிகம் வேண்டும்; உண்மை. உருக்கில் இழை இழையாகக் கோடு செதுக்க வேண்டும். எத்தனை பெட்டி விற்கும் என்று முதலாளி கேட்பார், அதுவும் நியாயம். ஆனால் பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-ல் 70 ஆகவும் உயர்த்தியபோது உள்நாட்டுத் தொழில் வளரட்டும் என்றுதானே சொன்னார்கள்? மாடல் பெட்டியும் அந்த இனத்தில்தான் வருகிறது. வரி ஏறியதால் வாங்குகிற குமாஸ்தாவுக்குச் சுமை ஏறியது. அதற்கு ஈடாக ஒரு மருத், ஒரு நாட், ஒரு சீ ஹாக் நம் பட்டறையிலிருந்து வந்திருக்க வேண்டாமா? பாதி விலைக்குப் பள்ளிக்கூடங்களுக்கு விற்கலாமே!

வீட்டில் நடக்கிற யுத்தம்

இதையெல்லாம் எழுதிவிடலாம். வீட்டில் இருக்கிறவர்களுக்கு யார் பதில் சொல்வது? எங்கள் கட்டிடத்தில் நெல்லைக்காரர் ஒருவர் இந்த வேலை செய்கிறார். ஒரு நாள் அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, நீங்களாவது இவுகளுக்கு ஒரு புத்தி சொல்லுங்க. கல்யாண வயசுல பொண்ணு இருக்கா. இவுக ராத்திரி ஒரு மணி வரைக்கும் பிளேன் செஞ்சுக்கிட்டு இருக்காக."

"நான் என்ன குடிச்சிட்டா வாரேன்? ஒரு மூலையில உக்காந்திருக்கேன். நீங்க டீயைக் குடிங்க, அண்ணாச்சி" என்றார் அவர்.

"மூலையா? அந்த மூலையிலதான் பிள்ளை படுக்கணும். பசை நாத்தம் தலையை வலிக்குது."

நான் அந்த அம்மாள் பக்கம்தான் பேசினேன். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பசையும் தின்னரும் திறந்து வைத்தால் குழந்தைகளுக்கு ஆகாது. டோம்பிவிலிக்காரர்களுக்குக் கெமிக்கல் வாடை பழக்கம்தான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் 2016 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் எம்.ஐ.டி.சி.யில் வெடித்தபோது சன்னல் கண்ணாடி சிதறியதைப் பார்த்த ஊர் இது. பசை, தின்னர் வேலையெல்லாம் பால்கனியிலோ, மொட்டை மாடியிலோ வைத்துக்கொள்ள வேண்டும். மூடியை உடனே மூட வேண்டும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. தண்ணீரில் கரைகிற வர்ணங்கள் இப்போது கிடைக்கின்றன; அவையே போதும். மழைக்காலத்தில் வர்ணம் அடிக்கவே வேண்டாம். ஈரக் காற்றில் மேலே வெள்ளை பூத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெட்டுவது, ராவுவது, புட்டி வைப்பது. தசரா வெயிலில் வர்ணம்.

செலவைப் பற்றி அந்த அம்மாள் சொன்னதிலும் நியாயம் உண்டு. பெட்டி மேல் பெட்டியாக வாங்கி அடுக்கிவிட்டு ஒன்றையும் முடிக்காதவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பேர். அது வேறு வியாதி. ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று வீட்டில் சட்டம் போட்டுவிடலாம்.

ஆனால் "குழந்தை விளையாட்டு" என்றதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நவராத்திரிக்கு நம் வீட்டுப் பெண்கள் கொலுவுக்கு முன்னால் மணல் பரப்பி, கண்ணாடியை வைத்துக் குளமாக்கி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் பூங்கா அமைக்கிறார்களே, அது என்ன? தீபாவளிக்கு டோம்பிவிலியில் எந்தக் கட்டிடத்து முற்றத்திலும் மராத்திப் பிள்ளைகள் மண்ணையும் கல்லையும் குழைத்துக் கில்லா கட்டுகிறார்கள். ராய்கட் கோட்டைக்கு எத்தனை வாசல், பிரதாப்கட்டில் புருசு எங்கே என்று விசாரித்துக் கட்டுகிறார்கள். மேலே சிவாஜி மகாராஜாவை உட்கார வைக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தன் நாட்டுக் கோட்டை விரல் நுனியில் இருக்கிறது. யாரும் அவனை வேலையற்றவன் என்று சொல்வதில்லை. அப்பா ஆபீசிலிருந்து வந்து தாமும் மண்ணைக் குழைக்கிறார்.

நம் பிள்ளைகளை நாம் டியூஷனுக்கு அனுப்புகிறோம். அங்கிருந்து இன்னொரு டியூஷன். பேனா பிடிக்கவும் செல்போன் தடவவும் தவிர விரலுக்கு வேலை இல்லை. எட்டாம் வகுப்புப் பையன் சைக்கிள் செயின் மாட்டத் தெரியாமல் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிறான். அவன் தாத்தா ஊரில் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவராக இருக்கும்.

பெட்டி வாங்க வசதி இல்லையென்றாலும் கவலை வேண்டாம். வொர்லியில் நேரு அறிவியல் மையத்தில் ஒரு மருத் விமானமே நிற்கிறது. ஒரு ஞாயிறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்துப் படம் வரையட்டும். வீட்டுக்கு வந்து கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி ஒட்டட்டும். முதல் விமானத்துக்கு இறக்கை கோணலாகத்தான் வரும்.

நம் தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொங்கல் விழாவில் பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, பாட்டுப் போட்டி எல்லாம் நடக்கின்றன, நடக்கட்டும். அந்த மண்டபத்தின் ஓரத்தில் ஒரு நீள மேசையைப் போட்டு வெள்ளைத் துணி விரியுங்கள். விமானமோ, கப்பலோ, கோபுரமோ, கயத்தாறு ஓடுதளமோ, பிள்ளைகளும் பெரியவர்களும் கையால் செய்ததைக் கொண்டுவந்து வைக்கட்டும். என் பக்கத்து வீட்டுக்காரர் ‘கோயம்புத்தூர் - 2' கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார், கூண்டுத் துப்பாக்கி நான்கும் குண்டூசியைவிட மெல்லியவை. ஆகவே "தொடாதீர்கள்" என்று ஒரு அட்டை மட்டும், தமிழிலும் மராத்தியிலும், கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.